குர்கில்தாய்க் கூடு

தொட்டிலுக்கு மேலே குர்கில்தாய் என்ற சின்னக் குருவியின் கூடு தொங்கினால் பிள்ளை தங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆனால் அது பறவையே கைவிட்ட கூடாக இருக்கவேண்டும். முட்டையோடு பறித்தால் தொட்டில் வெறுமையாகிவிடும். அண்ணி அக்போத்தா ஏற்கெனவே ஒரு பிள்ளையை இழந்தவள். இந்த முறை கூட்டைக் கட்டுவதற்குக் கயிறுகூடத் தயாராக வைத்திருந்தாள்.

அதனால் நானும் அண்ணன் செர்ஜானும் இலி ஆற்றுக் காப்பகத்துக்குள் படகை விட்டோம். பகலில் அங்கே பறவைக் கணக்கெடுப்பில் உதவுகிறேன். மாலையில் உயிரியல் வகுப்பு. நாணலைத் தாண்டி, வில்லோ மரக்கிளையில் கம்பளிக் காலுறை போல ஒரு கூடு தொங்கியது. அருகில் பறவை எதுவும் இல்லை. இரண்டு விரலை உள்ளே விட்டேன். பஞ்சுதான்.

“காலி,” என்றேன். அண்ணன் கத்தியை எடுத்தான்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. கைவிட்ட கூட்டில் பஞ்சு ஏன் இவ்வளவு வெள்ளையாக, புதிதாக இருக்கிறது?

“கொஞ்சம் பொறுண்ணா.”

“இப்பத்தானடி காலின்னே? வகுப்புல இதத்தான் சொல்லிக்குடுக்குறாங்களா?”

படகை நாணலுக்குள் தள்ளிக் காத்திருந்தோம். பெண் பறவை வந்து உள்ளே போனது. பின்னாலேயே அலகு நிறையப் பஞ்சோடு ஆண் வந்தது. அவள் வாசலிலேயே மறித்துக் கொத்தி விரட்டினாள். காலி வீட்டுக்கு எதற்கு இவ்வளவு காவல்?

அவள் பறந்ததும் மறுபடி விரல் விட்டேன். பஞ்சைத் துளைத்து அடிவரை போனேன். வழவழப்பாக ஏதோ இடறியது. முட்டைகள்.

“அடிப்பாவி! புருஷன்கிட்டயே மறைச்சு வச்சிருக்காளே,” அண்ணன் சிரித்தான். “உங்கண்ணி தயிர்க்கட்டிய எங்கிட்ட ஒளிக்கிற மாதிரி.” சிரித்துக்கொண்டே கத்தியை மடக்கினான்.

வீட்டில் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எதுக்குடி அவன்கிட்ட மறைக்கிறா?”

“தெரியல அண்ணி.”

“கண்டுபிடி. குஞ்செல்லாம் பறந்தப்புறம் கூட்டக் கொண்டா. கயிறு இருக்கட்டும்.”

செவ்வாயன்று அவளுக்கு மகள் பிறந்தாள். இருவரும் நலம். தொட்டிலுக்கு மேல் வெறும் கயிறு ஆடுகிறது.

நான் தொட்டதால் அந்தப் பறவை கூட்டை விட்டுப் போயிருக்குமோ என்று பயந்துகொண்டே இன்று போனேன். வாசலில் அவள் தலை தெரிந்தது. ஆணைத்தான் காணவில்லை. அவள் மறைத்ததால் போனானா, போய்விடுவான் என்று தெரிந்து மறைத்தாளா?