மெயினை அணைத்த பிறகும்

குளியலறைக் குழாயைத் தொடும்போதெல்லாம் யதுஷாவின் விரல் நுனியில் எறும்பு கடித்தது போலச் சுருக்கென்றது. வெள்ளவத்தையில் றெயில் பாதைக்குக் கிட்ட அந்தப் பழைய வீட்டை வாங்கிக் குடிவந்த நாளிலிருந்தே இப்படித்தான். கணவன் கிருபாகரன் றப்பர் செருப்போடு போய்த் தொட்டுப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உமக்குப் புது வீட்டுப் பயம்," என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தது. அவளுடைய தொல்லை தாங்காமல்தான் சனிக்கிழமை காலை ஹெந்தளையிலிருந்து வயறிங் வேலை செய்யும் கிளறன்ஸ் பாஸை வரவழைத்தான்.

கிளறன்ஸ் சுவர் சுவிட்ச் ஒன்றைக் கழற்றியதும் உள்ளே இருந்த வயரின் உறை சருகாக நொறுங்கி அவர் விரலில் ஒட்டியது.

"எல்லாம் மாத்தத்தான் வேணும் சேர். சீலிங்குக்கு மேல எப்பிடி ஓடுதெண்டு முதல்ல பாக்கோணும்."

மெயின் சுவிட்சை அணைத்தார். விசிறி சுழன்று நின்றது. ஆனால், சீலிங்கில் இருந்த சிறிய வாசலுக்குள் அவருடைய பெரிய உடம்பு நுழையவில்லை.

"நான் ஏறுறன்," என்றான் கிருபாகரன்.

"வேண்டாம் சேர். நாளைக்கு மச்சானைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"மெயின் ஓஃப்தானே?"

"ஓம், ஓஃப்தான்."

"பிறகென்ன?"

ரோச் லைட்டோடு ஏறிவிட்டான். அவன் தவழும் சத்தம் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்ந்தது. பலகை இடுக்குகளால் தூசு கொட்டியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த யதுஷாவின் கண்ணுக்குள்ளும் விழுந்தது. முகம் கழுவக் குளியலறைக்குப் போய்க் குழாயில் கை வைத்தாள்.

சுருக்கென்றது.

ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. புறங்கையால் மறுபடி தொட்டாள். இந்த முறை முழங்கை வரை இழுத்தது. மெயினை அணைத்தாயிற்று. ஆனாலும் கரண்ட் வருகிறது. கிருபா மேலே இருக்கிறான்.

மேலே பார்த்துக் கத்தினாள்.

"அசையாதேங்கோ! கரண்ட் இருக்கு!"

தவழும் சத்தம் நின்றது.

"மெயின் ஓஃப்தானே?" மேலிருந்து வந்த குரல் சிறுத்திருந்தது. "என்ர கைக்குப் பக்கத்தில ஒரு வயர் கிடக்கு யது. உறையே இல்லை. காலுக்குக் கிட்டவும் ஒண்டு."

"அப்பிடியே இருங்கோ சேர்!" என்று கத்திய கிளறன்ஸ் ஓடிவந்து கரண்ட் பார்க்கும் டெஸ்டரைக் குழாயில் வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. "எங்கயிருந்து வருது இது?"

யதுஷா நிமிர்ந்து பார்த்தாள். குளியலறைக்குச் சீலிங் இல்லை; கூரையைத் தாங்கும் வளை மரம் நடுச்சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போனது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை.

வெறுங்காலோடு ஓடி அடுத்த வீட்டுக் கேற்றை இரண்டு கையாலும் அடித்தாள். அங்கே தனியாக இருக்கும் ஜவாஹிறா கையில் கரண்டியோடு வந்தார்.

"என்ன மகள்? என்ன நடந்த?"

"உங்கட மெயின் சுவிட்ச் எங்க ஆன்ரி? உங்கட கரண்ட் எங்கட பக்கம் வருது. என்ர அவர் மேல மாட்டிக்கொண்டு நிக்கிறார்."

"அல்லாஹ்!"

அது குசினி மூலையில் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருந்தது. பழைய இரும்புப் பிடி, இழுக்க அசையவில்லை. அந்த நேரம் பார்த்து றெயில் வந்தது. நிலம் அதிர்ந்தது, அலமாரியில் கோப்பைகள் கிலுகிலுத்தன. மேலே அந்த வயரும் ஆடுமே என்று நினைத்ததும் யதுஷா இரண்டு கையாலும் பிடியில் தொங்கினாள். ஜவாஹிறா அவளுடைய கைமேல் தன் கையை வைத்து முழுப் பலத்தோடும் அழுத்தினார். பிடி டக்கென்று கீழே விழுந்தது.

அவள் திரும்பி ஓடி வந்தபோது கிளறன்ஸ் டெஸ்டரை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப வாங்கோ சேர், மெதுவா," என்றார்.

கிருபாகரன் இறங்கி வந்து நிலத்தில் இருந்தான். முகமெல்லாம் ஒட்டடை.

"றெயில் போகேக்க அந்த வயர் என்ர கைக்குக் கிட்ட வந்து வந்து போனது," என்றான். பிறகு அவளுடைய மடியில் தலையை வைத்து அழுதான். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவன் அழுது அவள் கண்டதில்லை.

ஒரே வீடாக இருந்ததைப் பிரித்து விற்றவர்கள், ஜவாஹிறாவின் மெயினிலிருந்து இந்தப் பக்கம் ஓடிய லைனை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள்; உறை போன அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்க் குழாயில் பட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வந்து சேர்ந்த ஜவாஹிறாவுக்கும் அது தெரியாது. "லீவுக்கு வார பேரப்புள்ளைகளும் இந்தக் கொழாயிலதானே குளிக்கிற," என்றவர் கதிரையில் சாய்ந்தார்.

அன்று பின்னேரமே யதுஷாவும் கிருபாகரனும் தெமட்டகொடையில் இருந்த அவனுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு வீட்டு வயறிங்கையும் கிளறன்ஸும் மச்சானும் சேர்ந்தே மாற்றினார்கள். வேலை முடிந்தது என்று போன் வந்த பிறகும், பிள்ளை பிறக்கும் வரை அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று யதுஷா சொல்லிவிட்டாள். கிருபாகரன் தனியாகப் போய் அவளுடைய உடுப்புகளை எடுத்துக்கொண்டு வந்தான்.