நாலாவது ஆள்

தீபக்குக்கு வேலை போய் ஐம்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் பத்து நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசா போய்விடும், அமெரிக்காவை விட்டு, பிரிட்ஜ்வாட்டர் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூருக்குக் கிளம்ப வேண்டியதுதான். மன்ஹாட்டனில் ஓர் இன்டர்வியூவுக்கு நேரில் வரச் சொன்னதும், மகனோடும் மருமகள் தாமரைச்செல்வியோடும் நானும் கிளம்பிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும், சொல்லுங்கள்.

ஜெர்சி சிட்டியில் காரை நிறுத்திவிட்டு ஃபெர்ரிப் படகுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது, மூன்று பேராக வந்திருக்கிறோம். நல்ல காரியத்துக்கு அப்படிப் போனால் ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு கல்லையாவது நாலாவது ஆளாகக் கூட்டிக்கொள்வோம். தண்ணீரோரம் கிடந்த கறுப்புக் கல் ஒன்றை எடுத்து, "வாங்க சாமி, எங்ககூட வாங்க" என்று கைப்பையில் போட்டேன்.

"அத்தே, அதுக்கும் டிக்கெட் எடுக்கோணுங்களா?" என்று தாமரை சிரித்தாள்.

அக்கரையில் கட்டடங்கள் வெயிலைத் தரைக்கே விடாமல் நெருக்கியடித்து நின்றன. பகல் பதினொரு மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. அந்த ஆபீஸின் கீழ்வாசலில் செக்யூரிட்டிப் பெண் எங்களுக்கு பாஸ் அடித்துத் தள்ளினாள். தீபக் தன்னுடையதை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடிவிட்டான். மிச்சம் மூன்று இருந்தன. ஒன்றில் என் முகம், ஒன்றில் தாமரை முகம். இன்னொன்றில் வெறும் சாம்பல் நிறம்.

மெஷின் கோளாறாக இருக்கும் என்று தாமரை அதைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அந்தப் பெண் வாங்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரோடு லிஃப்டில் ஏறினாரே, அவருடையது, மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது தாமரையின் குரல் இறங்கிவிட்டது. கைப்பையைத் துழாவினேன். கண்ணாடிக் கூடு இருந்தது, பிரஷர் மாத்திரை இருந்தது. கல் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தீபக் இறங்கி வந்தான். வேலை கிடைத்துவிட்டதாம், திங்கட்கிழமை சேர வேண்டுமாம்.

"அப்புறம் மொகம் ஏங் கண்ணு இப்படி இருக்குது?"

"பக்கத்துச் சேர் காலியாத்தான்மா இருந்துது. பாதிக் கேள்விய அதைப் பாத்துத்தான் கேட்டாங்க. கேட்டுட்டு, பதிலையும் எழுதிக்கிட்டாங்க."

இந்த வேலை வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்து நாள் இருக்கிறதே, இன்னொன்று வராதா என்றேன்.

"எங்கேம்மா வரும்?" என்றான். கையெழுத்தும் போட்டுவிட்டிருந்தான்.

ஃபெர்ரியில் திரும்பும்போது அவனாகத்தான் பேசினான். ஜன்னலோரம் மேசை கொடுத்திருக்கிறார்களாம். பக்கத்து மேசையிலும் ஒரு பெயர்ப்பலகை வைத்தாகிவிட்டதாம். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை.