அப்பா அடைத்த தோட்டாக்கள்

சொன்னால் அப்பா இன்னொரு தடவை சாவார். சொல்லாவிட்டால் தம்பி.

தேச்சம்மா அப்பாவின் தாடையைத் தூக்கிப் பிடித்துத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"அக்கா, தோட்டாப் பெட்டிச் சாவி." நாணய்யா கதவருகே நின்றான். தோளில் அப்பாவின் ரைபிள். "மழை விட்டிருக்கு. இப்பவே சாவுக்கான ரெண்டு வெடியும் போட்டாத்தான் ஊருக்குத் தெரியும். ஆளுங்க வரணும், குளிப்பாட்டணும்."

"முடிச்சிட்டு வர்றேன்" என்றாள்.

அந்த ரைபிளுக்கான தோட்டாவைச் சீமையில் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மிஞ்சியவை வெற்றுப் பித்தளைக் கூடுகள்தான். துப்பாக்கியின் குழலும் பழைய கரிமருந்துக்கென்று செய்தது. இந்தக் காலத்துத் தோட்டாவின் வேகமான புதுமருந்தைப் போட்டால் குழல் பிளந்து சுடுகிறவன் மூஞ்சியில் வரும் என்று, வேட்டைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவர் அப்பாதான். அவரே போன ஆடி மழையில் மாச்சய்யா மாமாவின் புதுத் தோட்டாக்களை அறுத்து, அந்த மருந்தை நடுங்கும் கையால் கூடுகளில் அடைத்தார்.

"அப்பா, இது கரிமருந்து இல்லையே."

"கரிதான்டி முத்தவ்வா" என்றார். முத்தவ்வா செத்துப்போன அம்மா. "என் சாவுக்கு ரெண்டு வேணும்ல? நம்ம துப்பாக்கியிலதான் போடணும். நாணய்யா கையில குடு."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பெட்டியின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்ததே இல்லை.

மாச்சய்யா மாமா உள்ளே வந்தார். "என்னம்மா தேச்சு, உங்கப்பன் குஷாலப்பன் சாவுக்கு வெடிச் சத்தம் இல்லையா? செத்தது நிஜந்தானான்னு காட்டுப் பன்னியெல்லாம் எட்டிப் பார்க்க வந்துரும்."

வராந்தாவில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார்கள்.

"மாமா, உங்க துப்பாக்கியில போட்டுடுங்களேன். அந்தத் தோட்டா ரொம்பப் பழசு."

"இரவல் வெடியா?" நாணய்யாவின் குரல் உயர்ந்தது. "இந்த வீட்டுல துப்பாக்கி இல்லாமப் போச்சா? கட்டிக் குடுத்துப் போனவ, பொறந்த வீட்டுச் சாவிய இடுப்புல சொருகிட்டு நிக்கிற. உன் புருஷன் வீட்டுல இப்படி நிப்பியா?"

"விடுடா. துக்கத்துல பயப்படுறா." மாமா அவள் பக்கம் திரும்பினார். "அப்பன் கையால அடைச்சதும்மா. மருந்து விஷயத்துல அவன் கை மாதிரி சுத்தமான கை இந்தக் கொடகுலயே கிடையாது. அதுக்குப் போய் பயமா?"

வராந்தாவில் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஒரு வார்த்தை போதும். நாளைக்கே ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் பேசுவார்கள்: குஷாலப்பனுக்குக் கடைசியில் மருந்துகூட அடையாளம் தெரியவில்லையாம், பொண்டாட்டி எது மகள் எது என்றே தெரியவில்லையாம். தம்பியிடம் மட்டும் சொல்லலாம். நம்பமாட்டான். 'அப்பாவையா சொல்ற?' என்று இவர்கள் முன்னாலேயே கத்துவான்.

நாணய்யா ரைபிளைத் தோளில் பொருத்தி, கட்டையில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். ஒரு கண்ணை மூடினான். திறந்திருந்த கண் குழலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அவள் பார்த்தாள்.

"மாமா, கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

நாணய்யா கிட்டே வந்தான். கண் சிவந்திருந்தது. "இத்தனை நாள் கூட இருந்து பார்த்தது நீதான், இல்லங்கல. இந்த ஒண்ணாவது நான் செய்யறேன்க்கா. எங்கிட்ட குடுக்கச் சொல்லித்தானே அவர் வெச்சிருந்தார்?"

"ஆமா."

"அப்ப குடு."

அவள் சாவி இருந்த இடுப்பைக் கையால் மறைத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். பிடி வலித்தது. ஐந்து விரல்களும் இன்னும் முழுசாக இருந்த அவன் கையை அவள் உதறவில்லை.

"தரமாட்டேன் நாணய்யா" என்றாள், வராந்தாவுக்குக் கேட்காத குரலில்.