நீண்ட விசில்

அக்காவின் குதிகாலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தங்கை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் விடுதி வேன் வந்து நின்றது. ஆடுகளத்துக் கோட்டின் சுண்ணாம்பு அது. நேற்று மாலை ஆட்டத்தின் நடுவே அந்தக் கோட்டின் மேல்தான் அக்கா சரிந்து விழுந்தாள்.

வேனிலிருந்து பத்துப் பேர் இறங்கினார்கள். மனவளர்ச்சி குன்றியவர்களின் விடுதியில் இருப்பவர்கள். சிலருக்குத் தலைகூட நரைத்திருந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்த்த அக்கா, ஞாயிறு தவறாமல் அங்கே போய் அவர்களுக்கு எறிபந்து சொல்லிக்கொடுத்தாள். பந்தைப் பிடிக்கச் சீக்கிரமே பழகிவிட்டார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவே ஒருவர் பூனையைப் பார்க்கப் போவார், இன்னொருவர் வீட்டுக்கே கிளம்பிவிடுவார். நீண்ட விசில் கேட்கும்வரை யாரும் இடத்தைவிட்டு அசையக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அக்கா படாத பாடுபட்டாள்.

வந்தவர்கள் அழவில்லை. அக்காவைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் என்று இடைவெளி விட்டு நின்றார்கள். உறவுக்காரர்கள் சுவரோடு ஒண்டிக்கொண்டார்கள். பத்துத் தலைகளும் ஒன்றாக இந்தப் பக்கம் திரும்பின. சற்று நேரம் கழித்து ஒன்றாக அந்தப் பக்கம்.

"என்னத்தப் பாக்குறாங்க?" என்றாள் சித்தி.

"நேத்துலேருந்து இப்படித்தாம்மா," என்றார் கூட வந்த விடுதிக்காரர். "சாப்பாடும் நின்னுக்கிட்டே. ஒருத்தரும் படுக்கல."

தலைகள் திரும்பும்போதெல்லாம் தங்கையின் காதோர முடி அசைந்தது. மின்விசிறியை அப்போதே நிறுத்தியிருந்தார்கள்.

அண்ணன் உள்ளே வந்தார். "வண்டி வந்தாச்சு. கொஞ்சம் ஒதுங்குங்கப்பா."

யாரும் ஒதுங்கவில்லை.

"சொல்றது காதுல விழுதா? சாவு வீட்டுல என்ன விளையாட்டு?"

"நீங்க கோட்ட மிதிக்கிறீங்க," என்றார் முன்வரிசையில் நின்றவர். அக்கா அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் குனிந்து வெறுந்தரையைப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"டீச்சர் இன்னும் ஊதல," என்றார் கேப்டன்.

"டீச்சர் போயிட்டாங்கப்பா."

"தெரியும். ஆனா ஊதல."

தங்கையின் கைக்குள் விசில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அக்காவின் பற்களுக்கு நடுவிலிருந்து நர்ஸ் எடுத்துக் கொடுத்தது. முகம் கழுவும்போதுகூட அவள் அதைக் கீழே வைக்கவில்லை. அக்காவின் மூச்சு கொஞ்சம் அதற்குள் மிச்சமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யாராவது ஊதினால் அதுவும் போய்விடும்.

அண்ணன் அவள் கையைப் பார்த்தார். "ஊதித் தொலையேன். எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"மாட்டேன்."

"அப்ப அவள எப்படித் தூக்குறது?"

தலைகள் மறுபடி திரும்பின. மூலையில் நின்ற பெண் ஒரு காலைத் தூக்கி, இன்னொரு காலில் தேய்த்து, அதே இடத்தில் சரியாக ஊன்றினாள். அவள் பாதங்கள் வீங்கியிருந்தன.

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கன்னங்கள் லேசாக உப்பியிருந்தன, ஊதப்போகிறவளுடையதைப் போல. காலையில் அப்படி இருந்ததா என்று நினைவில்லை.

விசிலை உதட்டில் வைத்தாள். உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது. ஊதினாள். தன்னிடம் இருந்த மூச்சு தீர்ந்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் நீண்டது.

ஒன்பது பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். வீங்கிய பாதங்களோடு நின்ற பெண் சுவரில் சாய்ந்த உடனேயே தூங்கிப்போனாள். உறவுக்காரர்களில் நான்கு பேர் அக்காவைத் தூக்கக் கட்டிலருகே வந்து குனிந்தார்கள்.

கேப்டன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை கூரையிலிருந்து மெல்ல இறங்கித் தங்கையிடம் வந்தது.

"பிடிங்க," என்றார்.

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். விசில் தரையில் விழுந்து உருண்டது. விரித்த உள்ளங்கைகள், ஒரு பந்து வந்து விழுந்ததுபோல, சற்றே தாழ்ந்தன.