ஆயத்த வகுப்பின் பெஞ்சு

திருமண ஆயத்த வகுப்பில் கிடந்த ஏழடி மரப்பெஞ்சு, ஒரு சனிக்கிழமை காலை பத்துக்கும் பத்தரைக்கும் நடுவில் பதினோரு அடியானது. டேப் பிடித்து அளந்தவர் சபையின் பொருளாளர். கூடம் வெளியிலிருந்து பார்த்தால் அதே இருபதடிதான். உள்ளே பெஞ்சு நீள நீள, சுவர் மரியாதையாகத் தள்ளி நின்றுகொண்டது. சபைக் கமிட்டி கூடி, பெஞ்சின் போக்கு வருந்தத்தக்கது என்று தீர்மானம் போட்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்தது.

அந்தச் சபையில் கல்யாணம் செய்கிற ஜோடி ஆறு சனிக்கிழமை வகுப்புக்கு வர வேண்டும். பெஞ்சின் ஒரு கோடியில் மாப்பிள்ளை, மறு கோடியில் பெண்; போதகர் எழுதிக்கொடுத்த பன்னிரண்டு கேள்விகளுக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கடவுள் ஒன்றாக்குகிற இருவருக்கு நடுவில் மறைவு கூடாது என்பது போதகரின் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் வகுப்பை நடத்தியவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. நூற்றுக்குநூறு என்று ஊர் அவருக்குப் பெயர் வைத்திருந்தது. தன்னிடம் படித்த எவரும் தோற்றதில்லை என்ற பெருமைக்கு ஊறு வராமலிருக்க, மாதிரி விடைகளை அச்சடித்து முதல் நாளே கொடுத்துவிடுவார். துணையிடம் மறைத்தது ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு, தேவ கிருபையால் ஒன்றுமில்லை என்பது விடை. பதினேழு வருஷம் எல்லோரும் ஒப்பித்துத் தேறினார்கள். பதினெட்டாவது வருஷம் பெஞ்சுக்குப் பொறுக்கவில்லை. ஒப்பித்தது உண்மையாக இருந்தால் சும்மா இருந்தது. பொய்யாக இருந்தால் நீண்டது.

முதலில் போனவள் மருந்துக்கடைக்காரரின் மகள். அவளுடைய மாப்பிள்ளை பன்னிரண்டையும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்து முடித்தபோது, அவள் உட்கார்ந்திருந்த கோடி கண்ணுக்குத் தெரியவில்லை. தேடிப் போன இரண்டு மூப்பர்கள் மூன்றாம் நாள் தாடியோடு திரும்பி, பெஞ்சு இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது என்றார்கள். அவளுடைய அம்மா சனிக்கிழமைதோறும் வந்து பலகையில் காதை வைத்துக் கேட்பாள். யாரோ விரலால் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாள். நூற்றுக்குநூறு அந்த ஜோடிக்கும் தேர்ச்சிச் சான்றிதழ் எழுதினார். கமிட்டி அதன் பக்கத்தில் ஒரு புதுப் பெஞ்சு வாங்கிப் போட்டது. அதுவும் நீண்டது. வகுப்பை நிறுத்தலாமென்றால் பக்கத்துச் சபை சிரிக்கும்.

அடுத்த வருஷம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவனும் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் ஒருத்தியும் வந்தார்கள். அப்பா இறந்துவிட்டார் என்று பெண் பார்த்த அன்றே அவன் சொல்லியிருந்தான். அப்பா ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் இருந்தார். கை நடுங்கும், மகனைத் தெரியாது. பரம்பரையாக வருகிற நோய், பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். சொல்லாவிட்டால் பெஞ்சு கொண்டுபோய்விடும். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும். பெற்றோரைப் பற்றிய கேள்விக்குப் பெஞ்சு நூறடி போனது. குடும்ப ஆரோக்கியத்துக்கு அரை மைல். வகுப்பு முடிந்ததும் அவள் நடந்தே திரும்புவாள். ஐந்தாவது சனிக்கிழமை அவள் ஒரு சட்டைப் பித்தான் அளவுக்குத் தெரிந்தாள். லிஃப்டின் கூண்டுக்கு மேலே நின்று வேலை செய்யும்போதுகூட நடுங்காத கால், கூடத்து வாசற்படியில் நடுங்கியது. இது அப்பாவின் நடுக்கமா, வெறும் பயமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆறாவது சனிக்கிழமை பன்னிரண்டாவது கேள்வி வந்தது. நூற்றுக்குநூறு குனிந்து, "தாள்ல இருக்கிறதச் சொல்லுப்பா, ஒரே வரி," என்றார். அவன் எழுந்து நின்றான். அந்தத் தூரத்துக்கு உண்மையை மெதுவாகச் சொல்ல வழியில்லை. மற்ற ஜோடிகளும் வராந்தாவில் இருந்த வருங்கால மாமியாரும் கேட்கும்படி கத்த வேண்டியதாயிற்று.

"எங்கப்பா சாகல. உயிரோடதான் இருக்காரு. அவருக்கு வந்த சீக்கு எனக்கும் வரலாம்."

பெஞ்சு நின்றது. தூரத்துப் புள்ளி எழுந்தது. அது வருகிறதா போகிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை அது அசையாமல் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் புள்ளிக்கு முகம் வந்தது. வியர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உயிரோட இருக்கிற மனுஷனுக்காக அஞ்சு மாசமா ஆறுதல் கேட்டு ஜெபம் பண்ணியிருக்கேன்," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. திரும்பிடலாமான்னு பாதி வழியில நின்னேன்."

"அப்புறம்?"

"அந்தப் பக்கம் இன்னும் தூரமா இருந்துச்சு."

விடை தவறு என்று நூற்றுக்குநூறு குறித்தார். போதகர் அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார். கல்யாணத்தில் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, இது யார் வீட்டு விசேஷம் என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் மருமகள் பதில் சொன்னாள். கல்யாணமாகி எட்டாவது வருஷம் ஒரு நாள் ஸ்பேனர் காரணமில்லாமல் அவன் கையிலிருந்து நழுவியது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னான். அவள் கொதித்த பாலை இறக்கிவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

பெஞ்சு குறுகவில்லை. கமிட்டி பாதி வழியில் ஒரு தண்ணீர்க் குழாயும் இரண்டு விளக்கும் போட்டிருக்கிறது. புதிதாக வரும் ஜோடிகளிடம் பொருளாளர், பெஞ்சு கொஞ்சம் நீளம், வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள் என்கிறார்.