சாப்பாட்டின் மேல் தப்பில்லை

இரண்டு வருடத்தில் முப்பிடாதியின் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. வயிறு பெருத்து, கைகால் மட்டும் மெலிந்தன. குற்றாலம் அருவிக்கரையில் பெண்கள் பக்கம் காவலுக்கு நிற்கும் கான்ஸ்டபிள் அவள். "தனியா இருந்து நல்லா திங்கிறா" என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். குவார்ட்டர்ஸில் அவள் அரைவயிறாகக் கிடந்ததைப் பார்க்க ஆள் இல்லை.

தென்காசி டாக்டரம்மாதான் அவளுடைய அடையாள அட்டைப் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். எச்சிலும் ரத்தமும் எடுத்துச் சோதித்தார். தொடை வழியாகக் குழாய் விட்டுத் தலை வரைக்கும் காரணத்தைத் தேடுவார்களோ என்று முப்பிடாதி பயந்திருந்தாள். அதற்கு அவசியமே வரவில்லை. ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது.

"கிட்னிக்கு மேல இருக்கிற சுரப்பியில சின்னக் கட்டி. அதுதான் ஹார்மோனை அதிகமாச் சுரக்குது. உங்க சாப்பாட்டு மேல தப்பே இல்லம்மா."

முப்பிடாதிக்கு அழுகை முட்டியது. உடனே யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கட்டிய எடுத்துட்டா சரியாப் போயிரும்லா" என்றாள் அந்தப் பெண். "ஆஸ்பத்திரியில கூட யாரு இருப்பா?"

"கேக்கணும்க்கா" என்றாள் முப்பிடாதி. யாரைக் கேட்பது என்று குற்றாலம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.