வயலுக்கு விசிறி

...முட்டையை யார் வைக்கச் சொன்னது, அதுதான் ஷூயுனுக்குப் புரியவில்லை, நெற்கதிர்களின் மேல் ஒரு கோழி முட்டை, கீழே விழவில்லை, அவ்வளவு நெருக்கமாம், எப்படி விழும், அக்கம்பக்கத்து வயல்களில் விளைந்து நின்றதையெல்லாம் வேரோடு பெயர்த்துவந்து இந்த ஒரே வயலில் குத்திவைத்தால்? ஆராய்ச்சி நிலையத்தில் இத்தனை வருஷம் பயிரோடு கிடந்தவள் அவள். இலைக்கு வெளிச்சம் வேண்டும், தண்டுக்குக் காற்று வேண்டும், இதைக் கம்யூன் செயலாளர் பாங்கிடம் சொன்னால், "நெல்லும் நம்ம மாதிரிதான் தோழர், கூட்டமா இருந்தாத்தான் அதுக்குத் தெம்பு," என்கிறார், சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், நம்பிச் சிரிக்கிறாரா நம்பாமல் சிரிக்கிறாரா, அதையாவது தெளிவாகச் சிரித்துத் தொலைக்கக் கூடாதா.

இந்த வயலைப் பார்க்க இன்று மாகாணத் தலைநகரிலிருந்து குழு வருகிறது. அவர்கள் முன்னால் அவள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம், விஞ்ஞானமும் இதை ஒப்புக்கொள்கிறது. சொன்னால் அடுத்த போகம் மாவட்டம் முழுவதும் இப்படித்தான் நடுவார்கள், குதிரில் இருக்கும் விதைநெல்லெல்லாம் சேற்றுக்குள் போய் அழுகும், அப்புறம் வசந்தத்தில் எதைத் தின்பார்கள், முழக்கத்தையா? சொல்லாவிட்டால்... போன வருஷம் அவளோடு வேலை பார்த்த கூ என்பவர் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த விளைச்சல் கணக்கு தப்பு என்றார், இப்போது நிலையத்துக்குப் பின்னால் பன்றிச் சாணம் அள்ளுகிறார். அவள் கடந்து போகும்போது அவளுக்காகவே தலையைக் குனித்துக்கொள்கிறார், திட்டினாலாவது தேவலை.

ஆனால் விசிறி? அதைச் செய்யச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லையே. நடுவயலில் பயிர் புழுங்கி வாடை கிளம்பியபோது, "அழுகுது தோழர், என் தலை போயிடும்," என்று பாங் கையைப் பிசைந்தார், அவ்வளவுதான். மூங்கிலின் கணுக்களைத் தட்டி எடுத்துக் குழாயாக்குங்கள், தண்டுகளுக்கு நடுவே சொருகுங்கள், இந்த முனையில் பதர் தூற்றும் விசிறிப்பெட்டியை வைத்துச் சுற்றுங்கள்... யார் பேசியது அது, அவள் வாய்தான். வாடை அடங்கியபோது மனசுக்குள் ஒரு குதிப்பு, அவள் உருவாக்கிய முதல் ஒட்டு ரகம் கதிர்விட்ட அன்று வந்த அதே குதிப்பு, சனியன், இதற்குமா அது வர வேண்டும்?

"கொஞ்சம் பிடிங்க தோழர், தோளே கழண்டுடும் போல இருக்கு," என்றாள் விசிறிப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த மியாவோ. "எங்க மாமியாருக்குக்கூட நான் இப்படி விசிறினதில்ல." தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். வரப்பில் வேறு யாரும் இல்லை. விட்டுவிடலாம், இந்த வெயிலுக்குக் கொஞ்ச நேரம் காற்று நின்றால் போதும், வாடை தானாக எழும்பும், அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், நெல்லே பேசிவிடும். பழி மியாவோ தலையில் விழும், ஆம், விழும், இல்லை நானே நிறுத்தினேன் என்று சொன்னால்... சொல்வாளா? தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது, வந்துவிட்டார்கள், நிறுத்து, இப்போது நிறுத்து, என்று சொல்லிக்கொண்டே ஷூயுன் சுற்றினாள், கை வேகத்தைச் சீராக்கிக்கொண்டது, குழாய்கள் மெல்ல ஊதின, கதிர்கள் அசைந்தன, முட்டை அசையவில்லை, இடது மூலைக்குக் காற்றுப் போதவில்லையே, இன்னொரு குழாய் சொருகியிருக்கலாம் என்று தான் நினைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.